மோதிர விரல், மூன்று அளவு

என் தம்பி வாசுவுக்கு எதையும் நேராகச் செய்யத் தெரியாது. பிள்ளை பிறந்த கையோடு பெண்டாட்டி விரலில் ஒரு மோதிரம் போட்டுவிட வேண்டுமாம். அது அவளுக்குத் தெரியக் கூடாதாம். ஆனால் அளவு மட்டும் கச்சிதமாக இருக்க வேண்டுமாம். "அக்கா, நீதான் எப்படியாவது அளந்து கடைக்கு அனுப்பணும்" என்று என் தலையில் கட்டிவிட்டு, போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விட்டான்.

எனக்கு இந்தக் கண்ணாமூச்சியெல்லாம் வராது. தூங்குகிறவள் விரலில் நூல் சுற்ற நான் என்ன திருடியா? நேராகத் தாமரையிடம் போய், "உன் புருஷன் மோதிரம் வாங்கித் தரப் போறான். தெரியாத மாதிரி இருந்துக்க. இப்ப விரல நீட்டு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

எனக்கும் தாமரைக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது, ஆகும் என்றும் சொல்ல முடியாது. நான் பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவளிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் சோறே வெந்துவிடும். அவளுக்கு அம்மா இல்லை. செமினியில் அப்பா மட்டும்தான். அதனால் வளைகாப்பு முடிந்த பிறகும் தாய்வீட்டுக்குப் போகாமல், பண்டமாரானில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

வளைகாப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வந்த பெண்களெல்லாம் வரிசையாகச் சந்தனம் பூசி, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் போட்டார்கள். முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. நான் சமையலறையில் சித்ரான்னங்களை டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். விசேஷத்தில் யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. அடுப்படியில் வேலை கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த சாயங்காலம் முதல் அளவு எடுத்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வாசு ஆர்டர் கொடுத்த நகைக்கடையில் நஸ்ரின் என்றொரு பெண் வாட்ஸ்ஆப்பில் முறை சொல்லிக் கொடுத்திருந்தாள். காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி மோதிர விரலின் அடியில் சுற்ற வேண்டும். நுனி வந்து சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட வேண்டும். பிரித்து ஸ்கேலில் வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல வேண்டும். "ஒரு தடவை அளந்தா பத்தாதுக்கா. காலையில விரல் ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். வேற வேற நாள்ல மூணு தடவை அளந்து அனுப்புங்க. நடுவுல வர்ற அளவ எடுத்துக்குவோம்" என்று குரல் பதிவும் போட்டிருந்தாள்.

முதல் அளவு ஐம்பத்திரண்டு. தாமரை கையை இழுத்துக்கொண்டபோது வளையல்கள் கலகலவென்று சரிந்தன. "பாப்பா கேக்குதாம்" என்று வயிற்றைத் தடவினாள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டாவது அளவு. ஐம்பத்து நான்கரை. கோடு தப்பாக விழுந்துவிட்டதோ என்று வேறு காகிதம் வெட்டினேன். மறுபடியும் அதேதான்.

"காலையில விரல் சின்னதா இல்ல இருக்கணும்?" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் அம்மா இராஜம்மாவுக்கு நான் தாமரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலே காது இரண்டும் இந்தப் பக்கம் திரும்பிவிடும். "உனக்குச் சுத்தத் தெரியலடி. கொண்டா இப்படி" என்று காகிதத்தைப் பிடுங்கித் தானே அளந்தாள். அவளுக்கும் ஐம்பத்து நான்கரைதான் வந்தது. "புள்ளத்தாச்சின்னா நீர் கோக்கத்தான் செய்யும். பார்லி தண்ணி வச்சிக் கொடுத்தா இறங்கிடும்" என்று முடித்துவிட்டாள். நான் அளந்தால் தப்பு, அதையே அவள் அளந்தால் நீர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, எங்கள் வீட்டில் மருமகள் இடத்தில் மகள் நான்.

"மூஞ்சியும் கொஞ்சம் ஊதினாப்ல இருக்கேம்மா. கிளினிக்ல ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "குணா, நீ வாயை வைக்காத. நல்லா இருக்கிற புள்ளைய அங்க ஊதிருக்கு இங்க வீங்கிருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்காத."

தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் கண் பட்டுவிடும் என்று பெற்றவளே நினைத்தால், ஊராரை என்ன சொல்வது? ஊர் வாயையே மூட உலைமூடி இல்லை, பெற்றவள் வாயை எதைக் கொண்டு மூடுவது? ஸ்கேலை மேசைமேல் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். அன்றும் மறுநாளும் தாமரை அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் நஸ்ரினே கேட்டு அனுப்பியிருந்தாள். "அக்கா, மூணாவது அளவு? இன்னைக்கு அனுப்பிட்டா பட்டறையில கொடுத்திடுவேன்."

வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனேன். தாமரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்து, கலைந்த முடியை இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டை போட்டாள். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது எனக்கு. என்ன என்று உடனே பிடிபடவில்லை. விரலில் காகிதத்தைச் சுற்றும்போதுதான் தெரிந்தது. வளையல் சத்தம் இல்லை. கை முழுக்க அத்தனை வளையல் இருந்தும் ஒன்றோடொன்று மோதவில்லை. எல்லாம் சதையில் பதிந்து அப்படியே நின்றன.

கோடு போட்டேன். பிரித்து ஸ்கேலில் வைத்தேன். ஐம்பத்தேழு.

என் கண்ணை நான் நம்பவில்லை. "நீயே பாரு, எவ்வளவு இருக்கு?" என்று அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ஸ்கேலைக் கிட்டே கொண்டு போனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடியும் கிட்டே கொண்டு போனாள். "அம்பத்தி... ரெண்டு கோடு தெரியுதுக்கா. எது நீங்க போட்டது?"

நான் போட்டது ஒரே கோடு.

"தலை வலிக்குதா உனக்கு?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே அம்மா பார்லித் தண்ணீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தாள். "இல்லக்கா" என்றாள் தாமரை.

அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று அளவையும் நஸ்ரினுக்குத் தட்டி அனுப்பினேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கரை, ஐம்பத்தேழு. பதில் உடனே வந்தது.

"அக்கா, மூணு பேரு விரல் அனுப்பிட்டீங்களா? ஒரே ஆளு விரல் இப்படி ஏறாதுக்கா."

அதைப் படித்ததும் காகிதத்தை விட்டுவிட்டு அவள் விரலைப் பார்த்தேன். நானும் அம்மாவும் காகிதத்தைக் குறை சொன்னோம், கோட்டைக் குறை சொன்னோம், அளந்தவளைக் குறை சொன்னோம். விரலை யாரும் கேட்கவில்லை. ஆபீசில் என் பக்கத்து மேசை ஆயிஷாவுக்கு முதல் பிள்ளைக்கு இப்படித்தான் கை வீங்கி, கண் மங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் பிள்ளை போய்விட்டது. அவள் பிழைத்ததே பெரிய காரியம் என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டோம்.

"தாமரை, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"என்னடி விளையாடுறியா?" அம்மா குறுக்கே வந்து நின்றாள். "விளக்கு வைக்கிற நேரம். வாசு வேலையில இருக்கான். திங்கக்கிழமை செக்கப் இருக்கு லா, அப்ப கேட்டுக்கலாம்."

"திங்கக்கிழமை வரைக்கும் இவ இருக்கணுமேம்மா!"

சொல்லியிருக்கக் கூடாது. வந்துவிட்டது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கோபம் இல்லை அது. பயம். என்னைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள்.

அப்போதுதான் தாமரை பேசினாள். வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினாள். "அத்தை, நேத்திலருந்து மண்டை பொளக்குது. கண்ணுல பூச்சி பறக்குது. இங்க, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலி. சொன்னா நீங்க அக்காவைத் திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

நான் கார் சாவியை எடுத்தேன்.

வாசுவுக்குப் போன் அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. கிரேன் மேலே ஏறும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். மெசேஜ் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து பின் சீட்டில் தாமரைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பண்டமாரானிலிருந்து கிள்ளான் போவது என்றால் லோரிகளுக்கு நடுவில் ஊர்வதுதான். முன்னால் ஒரு கண்டெய்னர், பின்னால் ஒரு கண்டெய்னர், நடுவில் என் சின்ன மைவி கார். ஹாரனை அழுத்தினேன். முன்னால் இருந்தவன் கையை வெளியே நீட்டி, போவதற்கு வழி எங்கே என்று கேட்கிற மாதிரி விரித்தான். கண்ணாடியில் பார்த்தேன். தாமரை அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தாள். அம்மா முந்தானையால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே, "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எந்தச் சாமியும் நினைவுக்கு வரவில்லை. ரோட்டோரத்து மண்ணில் காரை இறக்கி, இரண்டு லோரியைத் தாண்டி, சிவப்பு விளக்கையும் தாண்டினேன். சம்மன் வந்தால் வரட்டும்.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் ஒரு தடவை பார்த்தாள், பட்டையைக் கழற்றி மாட்டி இன்னொரு தடவை பார்த்தாள். நூற்றெண்பதுக்கும் மேலே. அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். டாக்டர் ஒரு இளம் மலாய்ப் பெண். முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றப் பார்த்தாள். வீக்கத்தில் நரம்பு அகப்படவில்லை. மணிக்கட்டைத் திருப்பினாள். அங்கே முழுக்க வளையல்.

"புவான், கெலாங் புக்கா லா, சீக்கிரம்" என்று நர்ஸ் என்னிடம் வளையலைக் காட்டிக் கழற்றச் சொன்னாள். சோப்பு போட்டாள், ஜெல் போட்டாள். முதல் வளையல்கூட அசையவில்லை. வலிப்பு வந்தால் கண்ணாடி உடைந்து கையைக் கிழித்துவிடும், ஊசி ஏற்ற இடமும் வேண்டும், ஆபரேஷனுக்கும் இப்படியே கொண்டு போக முடியாது என்று டாக்டர் மலாயில் படபடவென்று சொன்னாள். உடைக்க வேண்டும்.

அம்மாவுக்கு மற்றது புரிந்ததோ இல்லையோ, இது புரிந்துவிட்டது. கட்டில்மேல் குனிந்து தாமரையின் இரண்டு கைகளையும் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "உடைக்கக் கூடாது! புருஷன் உசுரோட இருக்கிறவ வளையல உடைக்கிறதா? என் மகன் இப்ப கிரேன் மேல நிக்கிறான். அந்தரத்துல நிக்கிறான்!"

எங்கள் பக்கம் பெண் கையில் வளையலை உடைப்பது எப்போது என்று அந்த நர்ஸுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் கையில் உடைத்தார்கள்.

"அம்மா, கைய விடு."

"நீ தொடாத!" அம்மா கத்தினாள். "யாரு உடைச்சாலும் நீ உடைக்காத. உன் கையால வேணாம் குணா. உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அத்தனை வருஷமும் மனதுக்குள் இருந்ததை அவள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அழ நேரம் இல்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். நர்ஸ் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசுவிடமிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை. எங்கே நிற்கிறானோ, எப்படி இருக்கிறானோ. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஒருவேளை என் கை அப்படிப்பட்ட கைதானோ?

தாமரை அம்மாவின் பிடியிலிருந்து இடது கையை உருவினாள். என் பக்கம் நீட்டினாள். அவள் கண் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் கை நேராக என்னிடம் வந்தது.

"அக்கா, நீங்க உடைங்க. எனக்குப் புள்ள வேணும்."

நர்ஸ் கொடுத்த துணியை வளையலுக்கு அடியில் செருகி, மேலேயும் சுற்றி, இடுக்கியால் அழுத்தினேன். முதல் வளையல் முறிந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். பிறகு நான் நிறுத்தவில்லை. சிவப்பு, பச்சை, சிவப்பு. ஒரு சில்லு என் கட்டைவிரலில் ஏறியது. இடது கை விட்டதும் டாக்டர் அங்கே ஊசியை ஏற்றினாள். நான் வலது கைக்குப் போனேன். கடைசி இரண்டு வளையல் மீதி இருக்கும்போது தாமரையின் தாடை இறுகியது, கண் மேலே செருகியது, உடம்பு தூக்கிப் போட்டது. என்னை யாரோ இழுத்து வெளியே தள்ளினார்கள். கதவு மூடும்போது, "மருந்து போகுது, மருந்து போகுது" என்று மலாயில் ஒரு குரல் கேட்டது. ஊசி ஏறியிருந்தது. அந்த ஒரு நினைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் அம்மா ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில். நடுவில் ஒரு நாற்காலி காலி. என் விரலிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்து அம்மா ஒரு டிஷ்யூவை எடுத்து அந்தக் காலி நாற்காலியில் வைத்தாள். என் கையில் கொடுக்கவில்லை.

வாசு பாதுகாப்புச் சட்டையும் பூட்ஸுமாக ஓடி வந்தான். அம்மா எழுந்து போய் அவன் தலையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். "எனக்கு என்னம்மா? தாமரை எங்க?" என்று அவன் கத்தியது அவள் காதில் விழவில்லை. அவன் மூச்சு விடுகிறான் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் இருந்தும், அந்த அழுகையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கெட்டவள் இல்லை என் அம்மா. பயந்தவள். பயந்தவர்கள்தான் பக்கத்தில் இருப்பவர்களைப் பாடாய்ப் படுத்துகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். பெண் குழந்தை. மாதம் நிறையாததால் மிகவும் சின்னது, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டு போகிறார்கள், ஆனால் தானாகவே மூச்சு விடுகிறது. தாமரைக்கு வலிப்பு நின்றுவிட்டது, அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வராமல் நாளைக்கு வந்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்றாள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். வாசு என்னைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. இரண்டு நர்ஸுகள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் எழுந்தோம். அம்மா அவசரமாக என் முழங்கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காத மாதிரி, அன்பாகத்தான் சொன்னாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு குணா. மொத மொதல்ல அவ அப்பன் பாக்கட்டும்."

எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. அவள் சொல்லும் முன்பே நான் தள்ளி நின்றிருக்கிறேன். அன்றைக்குக் கால் நகரவில்லை. முழங்கையிலிருந்து அவள் கையை எடுத்து, மெதுவாகக் கீழே விட்டேன்.

பெட்டி எனக்கு நேராக வந்தது. நான் குனிந்து, கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து, அவளை நன்றாகப் பார்த்தேன்.